முதலையும் பொதிமாடும்: சோவியத் இராணுவ ஹெலிகாப்டர்களின் பணி வரலாறு

இந்தியச் செய்தித்தாள்கள் 'எம்ஐ-17' என்று எழுதும் ஹெலிகாப்டரின் பெயரில் உண்மையில் எம், ஐ என்ற இரண்டு தலைப்பெழுத்துகள் இல்லை. அது 'மி' என்ற ஓரெழுத்து ஒலி. மிஹயீல் லியோன்தியெவிச் மில் என்ற வடிவமைப்பாளரின் குடும்பப் பெயருடைய தொடக்கம். துப்போலெவின் விமானங்கள் 'து' என்றும், இல்யூஷினுடையவை 'இல்' என்றும், காமோவின் ஹெலிகாப்டர்கள் 'கா' என்றும் வழங்கிய அதே சோவியத் மரபு இது. ஆங்கில எழுத்துகளின் வழியாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு மனிதரின் பெயர் இரண்டு வெற்றெழுத்துகளாக உடைந்துபோயிற்று. சிறிய செய்திதான். ஆனால் இந்த ஹெலிகாப்டர்களைப் பற்றிய பொதுப் பேச்சில், அவற்றை யார், எதற்காக உருவாக்கினார்கள் என்ற கேள்வியும் இதே போலத்தான் மறைந்துபோகிறது. எதற்காக உருவாக்கினார்களோ அதற்காக அவை பயன்பட்டனவா என்ற அடுத்த கேள்வி எழுவதே இல்லை.

ரஷ்ய மொழியில் ஹெலிகாப்டருக்கு வழங்கும் சொல் 'வெர்தல்யோத்'. சுழலுதல், பறத்தல் என்ற இரு வினைகளை இணைத்து ஆக்கப்பட்ட இச்சொல்லை 1929ஆம் ஆண்டளவில் நிக்கொலாய் காமோவ் உருவாக்கினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அதற்குமுன் வழக்கிலிருந்த 'கெலிகோப்தெர்' என்ற கடன்சொல்லை இது பின்னர் முற்றாக வெளியேற்றிவிட்டது. தமிழகத்தில் ஹெலிகாப்டர் என்ற கடன்சொல்லே நிலைபெற்றிருக்க, ஈழத்து இதழ்கள் 'உலங்கு வானூர்தி' என்ற ஆக்கத்தை நிலைநிறுத்தின. உலங்கு என்பது கொசுவினத்தைக் குறிக்கும் பழஞ்சொல். ரஷ்யச் சொல் கருவியின் இயக்கத்தைப் பார்த்தது. தமிழ்ச் சொல் அதன் உருவையும் ஒலியையும் பார்த்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்களின் சொல் அது.

சோவியத் ஹெலிகாப்டர் வரலாற்றை அமெரிக்காவைப் பின்பற்றிய கதையாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. சுழலித் தகடுகளின் கோணத்தை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றி ஹெலிகாப்டரைத் திசைதிருப்பும் சாய்தட்டுப் பொறியமைப்பை போரிஸ் யூரியெவ் 1911இலேயே வகுத்திருந்தார். அவருடைய வழியில் வந்த அலெக்சேய் செரியோமுஹின் 1932 ஆகஸ்டில், தாம் உருவாக்கிய 1-இஏ என்ற ஹெலிகாப்டரைத் தாமே ஓட்டி 605 மீட்டர் உயரத்தை எட்டினார். அக்காலத்தில் வேறெந்த நாட்டு ஹெலிகாப்டரும் அதன் அருகில்கூட வரவில்லை. ஆயினும் இராணுவ இரகசியம் என்ற பெயரில் இச்சாதனை வெளியுலகுக்கு அறிவிக்கப்படவில்லை. கீவ் நகரில் பிறந்து, புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறிய இகோர் சிகோர்ஸ்கி 1939இல் அமெரிக்க மண்ணில் வி.எஸ்.-300ஐ எழுப்பியபோது, உலகம் அதையே தொடக்கமாகக் கொண்டது. இரகசியம் காத்தவர்கள் தங்கள் முன்னுரிமையைத் தாங்களே புதைத்துவிட்டார்கள்.

மில், காமோவ் இருவருமே சைபீரியாவின் இர்கூத்ஸ்க் நகரில் பிறந்தவர்கள். காமோவ் 1902இல், மில் 1909இல். இருவரும் 1930களில் ஆட்டோஜைரோ எனப்படும் சுழலி விமானங்களில் பயின்றவர்கள். 1947 இறுதியில் மில்லுக்கெனத் தனி வடிவமைப்பகம் அமைந்தது. அடுத்த ஆண்டு மூன்று இருக்கைகள் கொண்ட மி-1 பறந்தது. ஆனால் சோவியத் இராணுவம் ஹெலிகாப்டரை உண்மையில் பொருட்படுத்தத் தொடங்கியது கொரியப் போருக்குப் பின்னரே. அமெரிக்கர்கள் காயமுற்றவர்களையும் துருப்புகளையும் மலைகளுக்கிடையே ஹெலிகாப்டர்களில் நகர்த்தியதைக் கண்ட ஸ்டாலின், 1951 இலையுதிர்காலத்தில் வடிவமைப்பாளர்களை கிரெம்ளினுக்கு அழைத்தார். மில் ஒரே சுழலி கொண்ட நடுத்தர ஹெலிகாப்டரையும், போர்விமானங்களுக்குப் பெயர்பெற்ற யாக்கொவ்லெவ் இரட்டைச் சுழலி கொண்ட பெரிய ஹெலிகாப்டரையும் ஓராண்டுக்குள் தரவேண்டும் என்பது கட்டளை. மி-4 அடுத்த ஆண்டு ஜூனிலேயே பறந்துவிட்டது. யாக்-24 அதிர்வுச் சிக்கல்களிலிருந்து முழுமையாக விடுபடவே இல்லை. சிறிய எண்ணிக்கையோடு அதன் கதை முடிந்தது.

மி-4 தோற்றத்தில் அமெரிக்க எஸ்-55ஐ ஒத்திருந்தது: மூக்கில் எஞ்சின், அதற்கு மேலே ஓட்டுநர் அறை. ஆனால் அதன் பின்புறம் இரு கதவுகளாகத் திறந்தது. சிறு வாகனத்தையோ பீரங்கியையோ நேராக உள்ளே ஏற்றலாம். சோவியத் ஹெலிகாப்டர் சிந்தனையின் முத்திரை இந்தக் கதவில் இருக்கிறது என்று சொல்லலாம். சாலையற்ற, இருப்புப்பாதையற்ற பெருநிலப்பரப்பை ஆளும் அரசுக்கு ஹெலிகாப்டர் முதலில் ஒரு சரக்கு வண்டி, பிறகுதான் போர்க்கருவி. 1957இல் பறந்த மி-6 இச்சிந்தனையின் அடுத்த படி. 35 மீட்டர் விட்டமுள்ள சுழலி, தலா 5,500 குதிரைத்திறன் கொண்ட இரு டர்பைன் எஞ்சின்கள், 12 டன் சுமை என்று அக்கால அளவுகளை அது ஒரே தாவலில் கடந்தது. எஞ்சினின் வேகத்தைக் குறைத்துச் சுழலிக்குக் கடத்தும் கியர்பாக்ஸே இங்கு உண்மையான சாதனை. எடை தூக்கும் ஹெலிகாப்டரின் எல்லையை எஞ்சினைவிட அதுவே பெரிதும் தீர்மானிக்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தை முதலில் கடந்த ஹெலிகாப்டர் என்ற வகையில், மி-6க்கு அமெரிக்க ஹெலிகாப்டர் சங்கம் வழங்கிய பரிசின் பெயர் சிகோர்ஸ்கி பரிசு. வெளியேறியவரின் பெயரிலான பரிசு, வெளியேறாதவர்களின் கைக்கு வந்தது.

தொலைதூர ஏவுகணைகளை இரயில் போகாத இடங்களுக்குக் கொண்டுசெல்லும் நோக்கில் உருவான மி-12, 1969இல் 44 டன்னுக்கும் மேற்பட்ட சுமையைத் தூக்கிப் பதிவு செய்த சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. அதற்குள் ஏவுகணைகள் பற்றிய இராணுவத் திட்டமே மாறிவிட்டதால் அது உற்பத்திக்குச் செல்லவில்லை. நோக்கம் மறைந்தால் எவ்வளவு பெரிய கருவியும் காட்சிப்பொருளாகிவிடும்.

1961இல் ஒற்றை எஞ்சினுடன் முதலில் பறந்து, மறு ஆண்டு இரட்டை எஞ்சின் பெற்ற மி-8 இவற்றுள் மிகச் சாதாரணமானது. அதற்கு எந்தப் பெருங்கனவும் இல்லை. 24 வீரர்களையோ ஏறத்தாழ நான்கு டன் சரக்கையோ ஏற்ற வேண்டும், கடுங்குளிரில் இயங்க வேண்டும், திறந்தவெளியில் பழுதுபார்க்க இயல வேண்டும், அவ்வளவே. கசான், உலான்-உதே ஆகிய இரு நகரங்களின் ஆலைகளிலிருந்து அதன் பல வகைகளுமாகப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் வெளிவந்தன. படைத்துறை நூல்கள் மி-24க்கு அத்தியாயங்களையும் மி-8க்குப் பத்திகளையும் ஒதுக்குகின்றன. பணிகளின் வரலாறாக எழுதப்புகுந்தால் இவ்வளவையைத் தலைகீழாக்க வேண்டியிருக்கும்.

மி-24இன் கதை ஒரு கருத்தின் கதை. 1960களின் நடுவில், வியட்நாமில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் செயல்பாட்டைக் கவனித்து வந்த மில், காலாட்படையின் கவச வண்டியைப் பறக்கவைக்க இயலும் என்று வாதிட்டார். எட்டு வீரர்கள் உள்ளே அமர்ந்திருப்பார்கள். ஹெலிகாப்டர் தன் ராக்கெட்டுகளாலும் துப்பாக்கியாலும் எதிரியை அடக்கிய பின் அங்கேயே இறங்கி அவர்களை விடும். வீரர்கள் சன்னல் வழியாகவும் சுடலாம். இராணுவத் தலைமையில் பலர் இதை ஏற்கவில்லை. எதிர்ப்பைக் கடந்து 1968இல் அனுமதி கிடைத்தது. 1969 செப்டம்பரில் முதல் பறப்பு நிகழ்ந்தது. 1970 சனவரியில் மில் காலமானார். அவருடைய கருத்து போர்க்களத்தில் என்ன ஆயிற்று என்பதைக் காண அவர் இல்லை. பொறுப்பு அவருடைய மாணவர் மராத் தீஷெங்கோவிடம் சென்றது.

மி-24 தன் காலத்தின் வேகமான ஹெலிகாப்டர்களுள் ஒன்று. அதன் குட்டை இறக்கைகள் ஆயுதங்களைத் தாங்குவதோடு, வேகமாகச் செல்லும்போது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எடையையும் தாங்கின. அதே இறக்கைகள் ஓரிடத்தில் மிதக்கும்போது சுழலியின் கீழ்நோக்கிய காற்றைத் தடுத்தன. அதாவது, விமானத்தைப் போல ஓடும்போது நன்றாகவும், ஹெலிகாப்டரைப் போல நிற்கும்போது சங்கடமாகவும் இருக்கும் கருவி அது. ஐரோப்பியச் சமவெளியில் இது பெரிய குறை அன்று. ஆப்கானிஸ்தானத்தில் அது எல்லாவற்றையும் மாற்றியது.

காபூல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. போர் நிகழ்ந்த கணவாய்கள் பல அதற்கும் மேலே. உயரமும் வெப்பமும் காற்றின் அடர்த்தியைக் குறைக்கின்றன. அடர்த்தி குறைந்த காற்றில் சுழலிக்குப் பிடிமானம் குறைகிறது, எஞ்சினுக்கும் மூச்சு குறைகிறது. இவ்விரு இழப்புகளும் ஒரே நேரத்தில் வருவதே மலைநாட்டு ஹெலிகாப்டர் இயக்கத்தின் அடிப்படைச் சிக்கல். முழுச் சுமையோடு செங்குத்தாக எழ முடியாத மி-24கள் விமானங்களைப் போல ஓடுபாதையில் உருண்டோடி எழுந்தன. எட்டு வீரர்களை ஏற்றுவது பெரும்பாலும் கைவிடப்பட்டது. அந்த எடை எரிபொருளுக்கும் குண்டுகளுக்கும் தேவைப்பட்டது. பறக்கும் காலாட்படை வண்டி என்ற கருத்து இவ்வாறு எந்தத் தீர்மானமும் இன்றிச் செத்துப்போயிற்று. வீரர்களை மி-8 ஏற்றிச் சென்றது. மி-24 இணை இணையாக அதற்குக் காவல் சென்றது, சாலைத்தொடர்களின் மேலே வட்டமிட்டது, சுட்டது. மில் ஒன்றாக்க விரும்பிய இரு பணிகளை ஆப்கான் மலைகள் மீண்டும் இரண்டாகப் பிரித்தன.

நேட்டோவின் குறியீட்டு அட்டவணையில் இக்கருவியின் பெயர் 'ஹைண்ட்', பெண்மான். எச் எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதைத் தவிர அப்பெயருக்கு வேறு பொருத்தமில்லை. நீண்ட மூக்கும் பச்சை உடலும் கண்ட சோவியத் வீரர்கள் அதை 'முதலை' என்றார்கள். ஆப்கானியர் 'சைத்தானின் வண்டி' என்று அழைத்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. மூன்றாவது பெயருக்கு விளக்கம் தேவையில்லை. ஊர்களும் பாசனக் கால்வாய்களும் பழத்தோட்டங்களும் அழிந்து, பல இலட்சம் மக்கள் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் அகதிகளாகப் போன போரில் மேலிருந்து வந்த அழிவின் முகம் அது. மி-24ஐத் தொழில்நுட்ப வியப்பாக மட்டும் எழுதும் நூல்கள் இப்பெயரை ஒரு சுவையான துணுக்காகக் கடந்துபோகின்றன. அது சாட்சியம்.

1986 செப்டம்பரில் சலாலாபாத் அருகே அமெரிக்கா வழங்கிய ஸ்டிங்கர் ஏவுகணைகள் முதன்முறையாக ஹெலிகாப்டர்களை வீழ்த்தின. போரின் போக்கை ஸ்டிங்கர் மாற்றியது என்ற கூற்று அதன்பின் பாடநூல் உண்மையாகிவிட்டது. இதனை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ஆப்கானிஸ்தானத்தை 'இரத்தம் வடியும் புண்' என்று கொர்பச்சோவ் கட்சி மாநாட்டில் வருணித்தது அதே ஆண்டு பிப்ரவரியில், அதாவது முதல் ஸ்டிங்கர் ஏவப்படுவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பு. வெளியேறும் எண்ணம் முன்பே முளைத்திருந்தது. ஸ்டிங்கர் உறுதியாக மாற்றியது பறக்கும் முறையை: எஞ்சினின் வெப்பப் புகையைக் குளிர்வித்துச் சிதறடிக்கும் கூண்டுகள், ஏவுகணையின் கண்ணை ஏமாற்றும் வெப்பச் சுடர்கள், அகச்சிவப்புத் துடிப்புக் கருவி, நிலத்தை ஒட்டியோ மிக உயரத்திலோ செல்லும் பறப்பு. எஞ்சினின் வாயில் புழுதியைப் பிரித்தெடுக்கும் உருண்டைக் கூடுகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. இன்று இந்திய மி-17இன் முன்புறம் இரு உருண்டைகளாகத் தெரிவன அவையே. அதிகாரபூர்வ சோவியத் கணக்கின்படி அப்போரில் இழந்த ஹெலிகாப்டர்கள் 333. விமானங்களின் இழப்பு 118 மட்டுமே. இவ்வேறுபாடு ஒன்றே, போரின் சுமை எதன் மேல் விழுந்தது என்பதைக் காட்டும்.

அதே 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. தளபதி நிக்கொலாய் அந்தோஷ்கின் பொறுப்பில் மி-6, மி-8, மி-26 ஹெலிகாப்டர்கள் எரியும் உலையின் மேலே சென்று மணல், களிமண், ஈயம், போரான் சேர்மம், டோலமைட் என ஏறத்தாழ 5,000 டன் பொருள்களைக் கொட்டின. இவ்வழிமுறை எவ்வளவு பயன் தந்தது என்பது விவாதத்துக்குரியது. கொட்டியவற்றுள் பெரும்பகுதி இலக்கைத் தவறவிட்டது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. அக்டோபர் 2ஆம் நாள் ஒரு மி-8இன் சுழலி பாரந்தூக்கியின் கம்பியில் மோதி நான்கு பேர் மாண்டனர். உலையின் மேலே பறந்த சோதனை விமானி அனத்தோலி கிரிஷெங்கோ 1990இல் இரத்தப்புற்றுநோயால் இறந்தார். அமைதிக்காலப் பணி என்று ஆவணங்கள் வகைப்படுத்துவது இதைத்தான்.

காமோவின் மரபு கடலுக்குச் சென்றது. ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு சுழலிகள் இருந்தால் வால் சுழலி தேவையில்லை; உடல் குறுகும்; கப்பலின் சிறு தளத்தில் இறங்கலாம். கா-25, கா-27 இவ்வாறு நீர்மூழ்கி வேட்டைக்கு வந்தன. இந்தியக் கடற்படையின் கா-28, கா-31 இக்குடும்பத்தினவே.

இந்தியா 1960களின் தொடக்கத்திலேயே மி-4ஐ வாங்கியது. அதன் மிகப்பெரிய நாள் 1971 டிசம்பரில் வந்தது. மேக்னா ஆற்றின் பாலம் தகர்க்கப்பட்ட நிலையில், லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங்கின் படைப்பிரிவுகளை மி-4கள் ஆற்றுக்கு அப்பால் இரவும் பகலுமாக நடைநடையாகக் கொண்டுசேர்த்தன; டாக்காவின் வழி திறந்தது. அதற்கு இரு நாள்களுக்கு முன் சில்ஹெட்டில் கூர்க்கா வீரர்களை இறக்கியதும் இவையே. ஐரோப்பாவுக்காக வரையப்பட்ட கருவி வங்கத்தின் ஆற்றுச் சமவெளியில் தன் முழுப் பொருளைக் கண்டது. கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலம், டிசம்பர் மாதக் குளிர்ந்த காற்று, குறுகிய தூரம், எதிரியிடம் வான்படையின்மை. ஆப்கானிஸ்தானத்தில் இல்லாத பல இங்கு இருந்தன.

அவ்வெற்றியின் நினைவு பதினாறு ஆண்டுகளுக்குப் பின் தவறான வழிகாட்டியாயிற்று. 1987 அக்டோபர் 11-12 நள்ளிரவில், விடுதலைப் புலிகளின் தலைமையைப் பிடிக்கும் நோக்கில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் மி-8களிலிருந்து வீரர்களை இறக்கியது. எதிர்த்தரப்பு காத்திருந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஹெலிகாப்டர்கள் சேதமுற்றதால் அடுத்தடுத்த அணிகள் வந்துசேர இயலவில்லை. இறங்கிய சீக்கிய இலகு காலாட்படையினர் முப்பது பேரில் உயிர்தப்பியவர் ஒருவரே. பெரிய உடலும் மெதுவான இறக்கமும் கொண்ட போக்குவரத்து ஹெலிகாப்டரை, அடக்கப்படாத இலக்கின் நடுவே இறக்குவது என்ற செயல், மில் மி-24ஐக் கற்பனை செய்தபோது தவிர்க்க நினைத்த அதே நிலைமை. இந்தியாவின் மி-25கள் போர்ப்பணியில் இறங்கியதும் இலங்கையில்தான். 1990களின் நடுவில் இலங்கை விமானப்படையும் மி-24களைப் பெற்றது. இத்தனை வகைகளுக்கும் யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் 'ஹெலி' என்ற ஒரே சொல் போதுமானதாக இருந்தது. பதுங்குகுழிக்கு ஓடுபவருக்கு வகை எண்ணால் ஆவதொன்றுமில்லை.

உயரத்தின் பாடமும் இந்தியாவுக்குத் தனியாக வந்தது. 1999 மே 28இல் கார்கிலின் தோலோலிங் அருகே ராக்கெட் தாக்குதலுக்குச் சென்ற மி-17 ஒன்று தோளில் வைத்து ஏவும் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது, நால்வர் இறந்தனர். அதன்பின் அப்போரில் மி-17கள் தாக்குதல் பணியிலிருந்து விலக்கப்பட்டன. ஆயினும் 2008இல் கையெழுத்தான ஒப்பந்தத்திலிருந்து தொடங்கி இந்தியா வாங்கிய மி-17வி-5கள் 151. சியாச்சினின் அடிமுகாம்கள், வடகிழக்கின் சாலையற்ற மலைக்காவல் நிலைகள், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாவற்றுக்கும் இன்றும் முதலில் செல்வது இந்தப் பொதிமாடுதான். 2013 சூனில் உத்தராகண்ட் வெள்ள மீட்புப் பணியில் ஒன்று விழுந்து இருபது பேர் மாண்டனர். 2021 டிசம்பர் 8இல் சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிச் சென்ற மி-17வி-5 குன்னூர் அருகே விழுந்ததில், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட பதினான்கு பேரும் உயிரிழந்தனர். மலைப்பகுதியில் எதிர்பாராது மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்து விமானி திசையுணர்வு இழந்ததே காரணம் என்றும், இயந்திரக் கோளாறு இல்லை என்றும் விசாரணைக்குழு கூறியது. 'பழைய சோவியத் ஹெலிகாப்டர்' என்ற சொற்றொடர் இங்குப் பொருந்தாது: வடிவமைப்பின் வேர் 1961இல் இருந்தாலும் அந்த ஹெலிகாப்டர் பத்தாண்டுக்குள் கட்டப்பட்டது.

பழையது வேறொன்று: உற்பத்தி ஒழுங்கு. மி-17, மி-24 இரண்டுக்கும் உயிரான டிவி3-117 எஞ்சின்கள் சபரோஷியா நகரின் மோட்டார் சிச் ஆலையில் உருவாயின. மி-26இன் எஞ்சினும் அங்குதான். உடல்களோ கசானிலும் உலான்-உதேயிலும் ரஸ்தோவிலும். ஒரே நாட்டின் இரு நகரங்களுக்கிடையிலான பங்கீடாக இருந்தது 1991இல் இரு நாடுகளுக்கிடையிலான வணிகமாயிற்று, 2014இல் அறுந்தது. ரஷ்யா தன் எஞ்சின்களைத் தானே கட்ட வேண்டியதாயிற்று. உதிரிப்பாகத்துக்காக மாஸ்கோவை மட்டும் பார்த்துப் பழகிய நாடுகள், இந்தியா உட்பட, தாங்கள் சார்ந்திருந்தது ஒரு நாட்டை அன்று, இல்லாமற்போன ஒரு நாட்டை என்பதை அப்போதுதான் உணர்ந்தன.

ஆப்கான் படைக்கென அமெரிக்கா 2011 முதல் ரஷ்யாவிடமிருந்தே அறுபதுக்கும் மேற்பட்ட மி-17களை விலைகொடுத்து வாங்கியது. ஆப்கான் விமானிகளும் பழுதுபார்ப்பவர்களும் அறிந்த கருவி அதுவே என்பது காரணம். 2015இல் இந்தியா காபூலுக்கு மி-25களை அன்பளிப்பாக அனுப்பியது. சைத்தானின் வண்டி இம்முறை ஆப்கான் வண்ணத்தில் திரும்பி வந்தது. 2021 ஆகஸ்டில் காபூல் அரசு வீழ்ந்தது. ஆப்கானிஸ்தானத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்த மி-17களை 2022இல் அமெரிக்கா உக்ரைனுக்கு அனுப்பியது. அங்கு இரு தரப்பிலும் மி-8கள் மரங்களின் உயரத்துக்குக் கீழே பறந்துகொண்டிருந்தன. அவ்வாண்டு வசந்தத்தில் முற்றுகையிடப்பட்ட மரியுபோலுக்குள் மருந்தும் குண்டுகளும் கொண்டுசென்று காயமுற்றவர்களை மீட்டுவந்தவை உக்ரைனின் மி-8கள். அவற்றுள் சில திரும்பவில்லை.